இயல்பமைப்பும் ஒரு முடிவுதான்

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. ஒரு வாரத்தில் மட்டம் 112 அடியிலிருந்து 118 அடிக்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏழு எண்களைச் படம் வரையும் நிரல்தொகுப்பான சார்ட்.ஜேஎஸ் லைப்ரரியிடம் கொடுத்து, வேறு எதையும் தொடாமல் கோட்டுப் படம் வரையச் சொன்னால், கோடு படத்தின் அடியில் தொடங்கி உச்சிவரை ஏறும். அதே எண்களை அப்பாச்சி ஈசார்ட்ஸிடம் கொடுத்தால், மேல் விளிம்பை ஒட்டி ஏறத்தாழப் படுத்துக் கிடக்கும் ஒரு கோடு வரும். முன்னது கோட்டுப் படத்தின் செங்குத்து அச்சைத் தரவின் வீச்சுக்குள் அடக்குகிறது. பின்னது நாம் தடுக்காதவரை பூஜ்யத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டும் திறமூலம், இரண்டும் இலவசம், இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் ஒன்றைப் பார்ப்பவர் வெள்ளம் வருகிறது என்பார். மற்றதைப் பார்ப்பவர் ஒன்றுமே நடக்கவில்லை என்பார்.

எது சரி? அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற பாடநூல் விதி பட்டைப் படத்துக்குப் பொருந்தும், இங்கே உதவாது. அணையின் மேற்பகுதியில் நீர்ப்பரப்பு அகலம். அங்கே ஏறும் ஓர் அடியில் அடங்கும் நீர், அடிப்பகுதியின் ஓர் அடியில் அடங்குவதைவிடப் பல மடங்கு. ஆறடி ஏற்றத்தைத் தட்டையாகக் காட்டினால் அந்த உண்மை மறைகிறது. செங்குத்தாகக் காட்டிவிட்டு அச்சு 112-இல் தொடங்குவதைச் சொல்லாமல் விட்டால், ஏற்றம் மொத்த மட்டத்தில் சிறு பங்குதான் என்பது மறைகிறது. பாசனத்தைப் பற்றிய செய்தி என்றால், மட்டத்தை விட்டுவிட்டு டி.எம்.சி. கணக்கில் இருப்பை வரைவதே மேல் என்றும் தோன்றலாம். இந்த யோசனை எதையும் லைப்ரரி செய்யாது. நாமும் செய்யாவிட்டால், அணையையே அறியாத ஒருவர் எப்போதோ எடுத்த முடிவு நம் பெயரில் வெளியாகும்.

2011-இல் வந்த டி3 என்ற லைப்ரரியில் இந்தச் சிக்கல் குறைவு. அச்சு, அளவுகோல், கோடு என ஒவ்வொன்றையும் நாமே கேட்டு வாங்க வேண்டும்; அதனால் ஒவ்வொன்றையும் யோசித்தே ஆக வேண்டும். கற்கவும் நாளாகும். 2013-இல் நிக் டவுனி வெளியிட்ட சார்ட்.ஜேஎஸ் அந்தச் சுமையை இறக்கி வைத்தது. சில வரிகளில் படம், தொட்டால் விவரம் காட்டும் டூல்டிப், திரைக்கேற்ப அளவு. நிரலாளர் ஒருவரே இருக்கும் சிறு செய்தி அறைக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் இது பெரிய கொடை. அந்த வசதியின் விலைதான் இயல்பமைப்பு, அதாவது நாம் எதுவும் சொல்லாதபோது லைப்ரரி தானே எடுக்கும் முடிவு.

இந்த இயல்பமைப்பும் நிலையானதன்று. சார்ட்.ஜேஎஸ் இரண்டாம் பதிப்பு வரை, கோட்டுப் படத்தின் புள்ளிகள் வளைகோட்டால் இணைக்கப்பட்டன. கோட்டுக்குக் கீழே நிறமும் நிரப்பப்பட்டது. வளைவு பார்க்க அழகு. ஆனால் திடீரென ஏறி இறங்கும் எண்ணிக்கைகளில் அது புள்ளியைத் தாண்டிப் போகும். தரவில் இல்லாத ஏற்ற இறக்கத்தைக்கூடக் காட்டும். 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பில் கோடு நேரானது, நிறம் போனது, பட்டைப் படம் தானாகவே பூஜ்யத்தில் தொடங்கியது. எல்லாம் நல்ல மாற்றங்கள். ஆயினும் பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல், எப்போதும் புதியதையே இழுத்துவரும் முகவரியைப் பக்கத்தில் ஒட்டியிருந்தால், வெளியான படம் ஒருவருக்கும் சொல்லாமல் உருமாறும், அல்லது உடையும். அச்சுக்குப் போன பக்கத்தை நாம் இப்படி விடுவதில்லை.

தமிழில் எழுதுவோருக்கு இன்னும் சில கண்ணிகள் உண்டு. உலாவியின் கேன்வாஸ் பரப்பில் வரையும் லைப்ரரி, நம் தமிழ் எழுத்துரு இறங்கிவரும்வரை காத்திராது. கையிலிருக்கும் எழுத்துருவில் எழுதிவிடும். வாசகர் விரல் பட்டதும் மறுபடி வரையும்போது எழுத்து மாறி, பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம். எழுத்துரு வந்த பிறகே வரையச் செய்வது உலாவியில் எளிது. செய்ய வேண்டும் என்ற நினைப்புதான் வேண்டும். நீளமான ஊர்ப்பெயர்களைக் குறியீட்டெண் கணக்கில் வெட்டினால் ‘கோ’ என்பது ‘க’ ஆகிவிடும். எழுத்துக் கணக்கில்தான் வெட்ட வேண்டும். பெயரை வெட்டுவதைவிடப் பட்டைகளைக் கிடையாகப் போடுவது நல்லது. சார்ட்.ஜேஎஸ்ஸில் எண்வடிவத்தை நாம் குறிப்பிடாவிட்டால் வாசகரின் உலாவி மொழி அதை முடிவுசெய்யும்: ஒருவருக்கு 12,34,567, இன்னொருவருக்கு 1,234,567. கட்டுரையில் லட்சம் என்று எழுதிவிட்டுப் படத்தில் மில்லியன் கணக்கில் காற்புள்ளி வைப்பது வாசகரை அலைக்கழிப்பதாகும்.

ஊடாடலைப் பற்றியும் ஒரு சொல். நியூயார்க் டைம்ஸின் வரைகலைப் பிரிவைச் சேர்ந்த ஆர்ச்சி ட்சே, 2016-இல் ஸ்பெயினின் மாலோஃபியே செய்தி வரைகலை மாநாட்டில், டூல்டிப்பை எவரும் பார்க்க மாட்டார்கள் என்று எண்ணியே வடிவமையுங்கள் என்னும் பொருளில் பேசினார். டி3-ஐ உருவாக்கியவர்களுள் ஒருவரான மைக் போஸ்டாக் பணியாற்றிய நாளிதழிலிருந்து வந்த குரல் அது. முக்கியமான எண்ணைத் தொடுகைக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் படம், கைப்பேசியில் பாதிப் படம்தான். சார்ட்.ஜேஎஸ் தன் இயல்பில், சுட்டி புள்ளியின் மேலேயே பட்டால்தான் டூல்டிப்பைக் காட்டும். விரலுக்கு அது சிறிய இலக்கு. பார்வையற்ற வாசகருக்கோ கேன்வாஸ் வெறும் வெற்றிடம். விளக்கவரி எழுதுவது நம் வேலை. ஈசார்ட்ஸ் அத்தகைய விளக்கத்தைத் தானே உருவாக்கித் தரும், ஆனால் நாம் இயக்கினால்தான்.

காலக்கெடு நெருங்கும்போது இவ்வளவும் முடியுமா என்று கேட்பது நியாயம். ஒவ்வொரு படத்துக்கும் செய்ய வேண்டியதில்லை. ஒரு குழு ஒருமுறை உட்கார்ந்து அச்சு, கோடு, எழுத்துரு, எண்வடிவம், டூல்டிப் ஆகியவற்றுக்குத் தன் சொந்த அமைப்பை எழுதி வைத்தால், பிறகு எல்லாப் படங்களும் அதிலிருந்தே தொடங்கும். மேட்டூர் போன்ற விதிவிலக்குகளுக்கு மட்டும் தனியே யோசித்தால் போதும். நம் தேவைக்குப் பொருந்தாததை மூலநிரலில் தேடிப் படிக்கவும் திருத்தவும் திறமூலம் இடம் தருகிறது. சார்ட்.ஜேஎஸ்ஸின் எம்ஐடி உரிமமோ, உத்தரவாதம் எதுவுமின்றி உள்ளபடியே தருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. படத்துக்கான பொறுப்பு வெளியிடுபவருடையது.

எனவே இவ்விதழுக்கு ஊடாடும் படங்களை அனுப்புவோரிடம் இனி மூன்றைக் கேட்கிறோம்: லைப்ரரியின் பெயரும் பதிப்பு எண்ணும், செங்குத்து அச்சு எங்கே, ஏன் அங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு வரி, படத்துக்குக் கீழே முழுத் தரவும் அடங்கிய அட்டவணை. இரண்டாவது கேள்விக்கு, லைப்ரரி அப்படித்தான் வரைந்தது என்ற பதிலை ஏற்க மாட்டோம்.