பிக்கப் வண்டியும் வாட்ஸ் புரட்டும்

இன்றைய தினம் நம் ஊர்களில் காய்கறி, செங்கல், வாழைத்தார், பால், தண்ணீர்க் கேன் முதலிய சகல சாமான்களையும் சுமந்து திரியும் பிக்கப் வண்டிகளின் சொந்தக்காரர்களும் டிரைவர்களும், கையில் நாலு காசு மீந்தவுடன் முதல் காரியமாகச் செய்வது, வண்டியில் உள்ள பாட்டுச் செட்டை மாற்றிப் பெரிதாக்குவதேயாகும். இதைப் பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபணையும் கிடையாது. ஆட்சேபிக்கிறவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். "லோடு வண்டிக்காரனுக்குப் பாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்பது அவர்கள் கேள்வி. இப்படிக் கேட்கும் கனவான்களின் சொந்தக் காரைத் திறந்து பார்த்தால் அதில் எட்டு ஸ்பீக்கர் இருக்கும்! குளிர்ச்சி செய்த காரில் அரை மணி நேரம் சவாரி போகிறவருக்குச் சங்கீதம் அவசியமாம். ஒட்டன்சத்திரம் சந்தையில் இரவு லோடு ஏற்றி, விடிவதற்குள் கேரளாவில் கொண்டுபோய் இறக்குகிறவருக்கு அதே சங்கீதம் திமிராம். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

ஆகவே, டிரைவர் தோழர் பாட்டுக் கேட்கலாமா என்பதல்ல நம் வழக்கு. அவர் தூக்கம் கெட்டு உழைத்த பணம், எந்த நம்பிக்கையின் பேரில் அவர் கையை விட்டுப் போகிறது என்பதே வழக்கு.

அவர் கடைக்குப் போகிறார். அங்கே பெட்டிமேல் பெட்டி அடுக்கியிருக்கிறது. ஒன்றில் "3000 வாட்ஸ்" என்றும், மற்றொன்றில் "5000 வாட்ஸ்" என்றும் பொன் எழுத்தில் அச்சடித்திருக்கிறது. 3000-ஐ விட 5000 பெரிது. ஆகையால் அதைக் கொடு என்கிறார். இந்த 5000 எங்கிருந்து வந்தது, எந்தக் கருவியால் எவர் அளந்தார் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்களைக் கண்டு கைகொட்டிச் சிரிக்கிற நம் வாலிபத் தோழர்கள்கூட இந்தப் பெட்டியின் முன்னே கைகட்டி நிற்கிறார்கள். ஜேம்ஸ் வாட் என்ற நீராவி இயந்திர நிபுணர் 1819ல் இறந்து போனார். அவர் பெயரை வைத்து இத்தனை பூசாரிகள் பிழைப்பு நடத்துவார்கள் என்று அந்த மனிதர் சொப்பனத்திலும் நினைத்திருக்க மாட்டார்.

தோழர்களே! இதை அறிய என்ஜினீயர் பட்டம் வேண்டியதில்லை. பெருக்கல் வாய்ப்பாடு போதும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட். நம் வண்டியின் பாட்டரி 12 வோல்ட். இஞ்சின் ஓடும்போது சுமார் 14.4 வரை ஏறும். இப்போது அந்த 5000 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி, ஒயர் மாட்டுகிற பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சிறு ஃப்யூஸ் சொருகியிருக்கும். அதன் தலையில் 30 என்று எழுதியிருந்தால் 30 ஆம்பியருக்கு மேல் நின்று ஓட அது விடாது என்று அர்த்தம். 14.4-ஐ 30-ஆல் பெருக்குங்கள். 432! பாட்டரியிலிருந்து உள்ளே போகக்கூடியதே 432 வாட் என்றால், வெளியே 5000 வாட் எப்படி வரும்? அதிலும் பழைய மாதிரி ஆம்ப்ளிஃபயரானால் ஏறக்குறைய பாதி சூடாகவே வீணாகிவிடும். 'டி' வகுப்பு என்கிற புது மாதிரியில்கூட ஐந்தில் ஒரு பங்கு போகும். ஃப்யூஸ் ஒரு கணம் கூடுதலாகத் தாங்கும் என்று கடைக்காரர் வியாக்கியானம் சொல்லக்கூடும். வாஸ்தவம். ஒரு கணம் சற்றுக் கூடத் தாங்கும். பத்து மடங்கு தாங்குமா? 5000 வாட் மெய்யாகவே வேண்டுமானால், ஒன்றுமே வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், பாட்டரியிலிருந்து 347 ஆம்பியர் ஓட வேண்டும். டீசல் இஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடி மட்டும் இழுக்கிற அளவு அது. அதை ஒரு பாட்டு முடியும் வரை இழுத்தால் பாட்டரியின் கதி என்ன?

ஒரு அப்பம் சுட அரைப்படி மாவுதான் இருக்கிறது. அதில் ஆறு படி அப்பம் சுட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவனை நாம் என்னவென்று அழைப்போம்?

முன்பக்கத்து டெக்கில் "50 வாட் × 4" என்று போட்டிருப்பதும் இதே இனம்தான்; ஆனால் இது கொஞ்சம் படித்த புரட்டு. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் தடையாகிய 4 ஓமால் வகுத்தால் 51.84 வருகிறது. அந்த 50 பிறந்த இடம் இதுவே. பாட்டின் அலை உச்சந்தலையும் அடியும் வெட்டுண்டு, வெறும் இரைச்சலாக வருகிற நிலையில்தான் அந்த அளவு கிட்டும். பாட்டு பாட்டாக வருகிறபோது அதே டெக் ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுப்பது சுமார் 20 வாட் மட்டுமே. பெட்டியில் 'ஆர்.எம்.எஸ்.' என்ற மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சின்ன எண் இருக்குமானால், அதுவே கொஞ்சமாவது நம்பத்தக்கது. 'பீக்', 'மேக்ஸ்', 'பி.எம்.பி.ஓ.' என்பவையெல்லாம் ஸ்தல புராணம்.

இந்தப் பித்தலாட்டம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமென்று எண்ண வேண்டாம். அமெரிக்காவிலேயே இது தாங்கமுடியாமல் போய், அங்குள்ள மத்திய வர்த்தகக் கமிஷன் 1974ல் ஆம்ப்ளிஃபயர் வாட்டுக்கு விதி போட்டது. அந்த விதி வீட்டுச் செட்டுக்கு மட்டும் என்றிருந்ததால் வண்டிச் செட்டு வியாபாரிகள் வெளியே சுகமாக நின்றார்கள். 2003ல்தான் அந்தத் தொழில்காரர்களே ஓர் அளவுகோல் ஏற்படுத்தினார்கள்: 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒலிச் சிதைவு 1 சதவீதத்துக்கு மிகாமல் அளக்க வேண்டும் என்று. அதுவும் இஷ்டமுள்ளவர்களுக்கு மட்டுமே.

நிற்க, வாட் உண்மையாகவே இரட்டிப்பானால்தான் என்ன லாபம்? 50 வாட்டை 100 ஆக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காது உற்றுக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும். ஆனால் 1 வாட்டில் 87 டெசிபல் கொடுக்கும் ஸ்பீக்கரைக் கழற்றி, 90 கொடுக்கும் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கின அதே பலன் சும்மா வந்துவிடுகிறது. கடையில் இந்த எண்ணைக் கேட்டவர் எத்தனை பேர்?

அன்றியும் பிக்கப் வண்டியின் கேபின் என்பது ஒரு தகர டப்பா. கதவின் உள்தகட்டில் கை நுழைகிற ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. பின்பக்கத்து அலை அந்த ஓட்டை வழியாக வந்து முன்பக்கத்து அலையை அடித்துத் தின்றுவிடுகிறது. 'பேஸ் வரவில்லை, வாட் பற்றவில்லை' என்று நம் தோழர் புலம்புவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அந்த ஓட்டைகளை மூடி, அலுமினியம் மேலிட்ட ரப்பர் ஷீட்டைத் தகட்டில் அழுத்தி ஒட்டி, ஸ்பீக்கரைச் சுற்றிப் பஞ்சு வளையம் வைத்து, ஆடாமல் திருகினால், பழைய ஸ்பீக்கரே வேறு ஸ்பீக்கர் போலப் பாடும். ஒரு பகல் வேலை. இதற்கப்புறமும் ஆசை மீந்தால் நல்ல ஸ்பீக்கர். அதற்கும் அப்புறம், மெய்யான 50, 60 வாட் கொடுக்கிற ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர். கடைசியாக, சீட்டுக்குப் பின்னால் அடங்குகிற மூடின பெட்டியில் ஒரு எட்டங்குல ஊஃபர். சீட்டுக்கு அடியில் இஞ்சின் உள்ள வண்டியானால் அங்கே மட்டும் ஆம்ப்ளிஃபயரை வைக்காதீர்கள். அது வெந்து போகும். கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வார். ரப்பர் ஷீட்டின் மேல் அச்சடிக்கப் பெரிய எண் ஒன்றுமில்லையே, பாவம்!

இனி ஒயர். இங்கே புரட்டு பணத்தோடு நிற்காமல் உயிருக்கே வருகிறது. தடித்த செம்பு ஒயர் என்று விற்கப்படுவதில் எவ்வளவோ, மேலே செம்பு பூசின அலுமினியம். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டுங்கள். உள்ளே வெளுத்திருந்தால் சாயம் வெளுத்தது என்று அறியலாம். அலுமினியம் அதே பருமனுள்ள செம்பில் ஐந்தில் மூன்று பங்கு மின்சாரத்தைத்தான் கடத்தும். மிச்சத்தை வற்புறுத்தினால் சூடாகும். பாட்டரியிலிருந்து புறப்படும் ஒயரில் ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருந்தாக வேண்டும். ஆம்ப்ளிஃபயரிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பது. வழியிலே ஒயர் தகட்டில் உராய்ந்து தோல் கிழிந்தால், பாட்டரியின் முழு பலமும் அங்கே பாய்ந்து, ஒயர் பழுக்கக் காய்ந்து, சீட்டுப் பஞ்சு பற்றிக்கொள்ளும். புதுச் செட்டு மாட்டின அன்றே முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டு, எரிந்துபோன ஃப்யூஸுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பியைச் சுற்றி வைக்கிறவர்களை என்னவென்பது? திருஷ்டியால் எந்த வண்டியும் எரிந்ததில்லை. கம்பியால் எரியும்.

"நான் என் காதாலேயே வித்தியாசம் கேட்டேன், விலை கூடினதுதான் உசத்தி" என்று சில தோழர்கள் அடித்துச் சொல்வார்கள். சாமியாடியும் இப்படித்தான் சொல்கிறார்: கண்ணாலேயே கண்டேன் என்று. அமெரிக்காவில் வண்டி ஒலித் தொழிலில் பேர்போன ரிச்சர்ட் கிளார்க் என்பவர் பத்தாயிரம் டாலர் பந்தயம் வைத்தார். எவ்வளவு விலையுள்ள ஆம்ப்ளிஃபயரையும் கொண்டு வரலாம். இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, எதையும் அதன் சக்திக்கு மேல் ஓட்டாமல், எது ஓடுகிறது என்று காட்டாமல் கேட்க வைப்பார். காதால் மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். 1963ல் இலங்கையில் ஆபிரகாம் கோவூர் அற்புதக்காரர்களுக்கு வைத்த லட்ச ரூபாய் எப்படி எவராலும் ஜெயிக்கப்படாமல் கிடந்ததோ, அப்படியே இந்தப் பணமும் கிடந்தது. கடையில் உசத்தி என்று காட்டப்படுவதைச் சற்றே சத்தமாக வைத்துவிட்டால் போதும். எந்தக் காதும் அதற்கே ஓட்டுப் போடும்.

கடைசியாக, அந்தக் காதைப் பற்றி ஒரு விஷயம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரம்தான். நம் லோடு டிரைவர்களில் பலர் அந்த 40 மணியை மூன்று, நான்கு நாளிலேயே தீர்த்துவிடுகிறார்கள். அதிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றையும் இஞ்சினையும் ஜெயிக்கவே வால்யூமைத் திருகுகிறார்கள். உட்காதில் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் மனிதனுக்குச் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. கதவுக்கு ஷீட் ஒட்டினால் ரோட்டு இரைச்சல் குறைகிறது. இரைச்சல் குறைந்தால் குறைந்த சத்தத்திலேயே வார்த்தை விளங்குகிறது. பின்னால் வருகிற லாரியின் ஹாரனும் காதில் விழுகிறது.

இதைப் படித்துவிட்டுச் சில கடைக்காரத் தோழர்கள் நம் மேல் கோபிக்கலாம். அவர்களிடம் நாம் கேட்பது அதிகமொன்றுமில்லை. விலைச் சீட்டில் விலைக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர், ஆர்.எம்.எஸ். எத்தனை வாட், ஒயர் செம்பா அலுமினியமா என்ற மூன்றை மட்டும் எழுதி ஒட்டுங்கள். எழுத மாட்டோம் என்கிற கடையில் டிரைவர் தோழர்கள் வண்டியை நிறுத்த வேண்டிய அவசியம் என்ன?