ஸ்ரூடியோ மொனிற்றர் வீட்டுக்குச் சரிவருமோ?

எங்கட ஆக்கள் ஸ்பீக்கர் வாங்கப் போனால் முதல் பார்க்கிறது உயரம், பிறகு பேஸ். வீட்டுக்கு வாற விருந்தாளியின்ர நெஞ்சு அதிரவேணும். பாட்டுக் கேக்கிறது எங்கையோ கடைசியில. என்னைக் கேட்டால், சின்ன வீட்டில இருக்கிறவைக்கு உள்ளுக்கே அம்ப் வைச்ச 5 அங்குல ஸ்ரூடியோ மொனிற்றர் இரண்டு காணும்.

"அது மிக்ஸிங் செய்யிறவைக்கு, வீட்டில வைச்சால் காது குத்தும்" எண்டு சொல்லுவினம். அந்தக் கதைக்கு ஒரு காரணம் இருக்கு. யமஹா 1978இல என்எஸ்-10 எண்ட வெள்ளைக் கோன் ஸ்பீக்கரை வீட்டுக்கெண்டுதான் விட்டது. வீட்டுக்காரர் சீண்டேல்லை, ஸ்ரூடியோக்காரர் தூக்கிக்கொண்டு போச்சினம். கீச்சு கூடிப்போச்செண்டு ட்வீட்டருக்கு மேல ரிஷ்யூ பேப்பர் ஒட்டின எஞ்சினியர்மாரும் இருந்தவை! 2001இல அதை நிப்பாட்டியாச்சு. பயம் மட்டும் மிச்சம்.

இப்பத்தைய எச்எஸ்5ஐ எடுங்கோ. ஒரு பெட்டிக்குள்ள இரண்டு அம்ப்: பெரிய கோனுக்கு 45 வாட்ஸ், ட்வீட்டருக்கு 25. எந்த அம்ப் எந்த ஸ்பீக்கருக்குப் பொருந்துமெண்டு நீங்கள் மண்டையை உடைக்கத் தேவையில்லை.

நான் குசினியில எக்ஸோஸ்ற் பான் இரைச்சலுக்குள்ள நிண்டிட்டு இரவு ஒரு மணிக்கு வீட்டை வாறவன். சுவர் கடதாசி மாதிரி, கீழ்வீட்டுக்காரி விடிய வேலைக்குப் போறவ. ஒரு மீற்றர் தூரத்தில இருந்து மெல்லமாக் கேக்கேக்கையும் பாட்டில ஒண்டும் தொலையக் கூடாது. மொனிற்றரைச் செய்யிறதே கிட்ட இருந்து கேக்கத்தான். இரண்டு பெட்டிக்கும் உங்கட தலைக்கும் நடுவில சம முக்கோணம் வரவேணும், ட்வீட்டர் காது உயரத்தில இருக்கவேணும். எச்எஸ்5க்குப் பின்பக்கம் ஓட்டை, மூலையில தள்ளி வைச்சால் பேஸ் குமுறும். இடமில்லையெண்டால் பின்னால ரூம் கொன்ட்ரோல் சுவிச்சை -2 அல்லது -4இல விடுங்கோ.

கரைச்சல் இல்லாமல் இல்லை. ரிமோட் கிடையாது. வொலியூம் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாப் பின்னால. சிவப்பு வெள்ளை வயர் கொழுவ ஓட்டையும் இல்லை, எக்ஸ்எல்ஆரும் பெரிய ஜாக்கும்தான். அதால ஒரு பெரிய குமிழ் வைச்ச சின்ன ஓடியோ இன்ரர்பேஸுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கோ. சில மொனிற்றர் பாட்டு நிண்டாப்போல "ஸ்ஸ்" எண்டும். கடையில உது கேக்காது, இரவில கேக்கும். வாங்க முதல் காதைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கோ.

இன்னொண்டு. கசெற்றில இருந்து ஆரோ இறக்கின 64 கேபிபிஎஸ் எம்பி3 வைச்சிருக்கிறவை கவலைப்படப் போகினம், ஊத்தையெல்லாம் வெளியில வரும். இளையராஜாவின்ர 1986ஆம் ஆண்டு "ஹவ் டு நேம் இட்"டை நல்ல சீடியில போட்டுப் பாருங்கோ, வயலினுக்குக் கீழ ஓடுற பேஸ் கிற்றார் தனியாத் தெரியும்.

10 சதுர மீற்றர் அறைக்கு 8 அங்குலம் கேக்காதேங்கோ. பிறந்தநாள் விழாவுக்கெண்டால் அதுக்கு வாடகைப் பெட்டி இருக்கு.