கிழித்து அனுப்பிய பாதி

அமெரிக்க எஃப்.டி.ஏ. 2025 பிப்ரவரி 28 அன்று டெஸ்டோஸ்டிரோன் மருந்துகள் அனைத்தின் விவரத்தாளையும் திருத்தச் சொன்னது. இதய ஆபத்து கூடும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்த வாசகம் நீங்கியது. டிராவர்ஸ் ஆய்வின் முடிவுகள் சேர்ந்தன. ரத்த அழுத்தம் ஏறும் என்ற எச்சரிக்கை புதிதாக வந்தது. வயது ஏறுவதால் மட்டும் குறையும் டெஸ்டோஸ்டிரோனுக்கு இம்மருந்து அல்ல என்ற வரம்பு அப்படியே நின்றது. மாற்றம் மூன்று, மாறாதது ஒன்று. ஆனால் நம் கிளினிக்குக்கு வரும் மடிப்புத்தாள்களில் முதலாவது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

இம்மருந்தை இனித் தயங்காமல் எழுதலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். இவ்விதழின் நிலை: தயங்கித்தான் எழுத வேண்டும். காரணம் இதயம் மட்டுமல்ல.

டிராவர்ஸில் சேர்ந்த 5,246 பேரும் 45 முதல் 80 வயதினர். இதயநோய் இருந்தவர்கள், அல்லது அதன் வாசலில் நின்றவர்கள். சராசரி பி.எம்.ஐ. 35. பெரும் இதய நிகழ்வுகள் மருந்து பெற்றவர்களில் 7.0 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 7.3 சதவீதம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், நுரையீரல் எம்போலிசம், திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகிய மூன்றும் மருந்துப் பக்கமே கூடுதல். குறை சொல்ல முடியாத ஆய்வுதான். ஆனால் காரைக்கால் பக்கம் நெரவியில் என் ஓ.பி.யில் வந்து உட்காருகிறவர் அந்த ஆய்வில் இல்லை. அவருடைய பி.எம்.ஐ. 24. கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் தள்ளி, நாற்பதுக்குள் சர்க்கரையைத் தொட்டுவிட்டவர். புனே கே.இ.எம். மருத்துவமனையில் யாஜ்னிக் குழு ‘மெலிந்த கொழுப்புக் குழந்தை’ என்று பெயர் வைத்ததே, அந்தக் குழந்தைதான் வளர்ந்து வந்து நிற்கிறது. அவர்கள் ஒப்பிட்ட இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ இருந்த சராசரிப் பிறப்பு எடை புனேயில் 2.7 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

அண்மையில் வந்தவருக்கு வயது 24, 2001இல் பிறந்தவர். திருமணமாகி இரண்டு ஆண்டு, குழந்தை இல்லை. காலை எட்டு மணி ரத்தத்தில் இரண்டு முறையும் டெஸ்டோஸ்டிரோன் 300க்குக் கீழே. எஸ்.எச்.பி.ஜி. குறைவு. எல்.எச். ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. வேறொரு கிளினிக்கில் ஜெல் எழுதித் தந்திருந்தார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை வேண்டி வந்தவருக்குப் பிள்ளைக்குத் தடையை எழுதிக் கொடுத்தாயிற்று. மருந்தை நிறுத்திவிட்டுத் துணைக்கு வந்திருந்த தாயாரிடம், “பிறந்தப்ப எடை எவ்வளவும்மா?” என்று கேட்டேன்.

“உள்ளங்கை அளவுதான் இருந்தான் டாக்டரய்யா. ரெண்டு கிலோ சொச்சம்னாங்க. ஆறு மாசம் வரைக்கும் தேறவே இல்ல. மூணு வயசுக்கு மேலதான் ஊதுனான். அட்டை சுனாமியில போயிடுச்சு.”

அந்த ஐந்து வாக்கியங்களில் முழு நோய்வரலாறும் இருக்கிறது. ‘சொச்சம்’ எவ்வளவு என்பது மட்டும் இல்லை.

பிறப்பு எடைக்கும் வளர்ந்த ஆணின் டெஸ்டோஸ்டிரோனுக்கும் நேர்கோடு போட்டுவிட முடியாது. பெல்ஜியத்தில் ஆரோக்கியமான இளம் சகோதரர்களை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரை, எடை குறைந்து பிறந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் குறைந்திருக்கக் கண்டது. டென்மார்க்கில் எஸ்.ஜி.ஏ.யாகப் பிறந்த பதின்வயதினரைப் பார்த்த 2007ஆம் ஆண்டுக் கட்டுரை வேறுபாடு காணவில்லை. விரை இறங்காமைக்கும் ஹைப்போஸ்பேடியாஸுக்கும் எடைக்குறைவோடு உள்ள உறவில்தான் தகராறு இல்லை.

பிறந்த பிறகு நடப்பது இன்னும் தெளிவு. பிலிப்பைன்ஸின் செபூ நகரில் 1983–84இல் பிறந்த ஆண் குழந்தைகளை இருபது வயது தாண்டும்வரை பின்தொடர்ந்து குஸாவா குழு 2010இல் எழுதியது: முதல் ஆறு மாதங்களில் விரைந்து எடை கூடியவர்கள் முன்னதாகப் பருவமடைந்தார்கள்; உயரமும் தசையும் டெஸ்டோஸ்டிரோனும் அவர்களுக்குக் கூடுதல். தாய்ப்பால் குடித்தவர்கள் அந்த மாதங்களில் இன்னும் விரைந்து வளர்ந்தார்கள். மினி-பியூபர்ட்டி நடக்கும் மாதங்களும் அவையே. செர்டோலி செல்கள் பெருகும் காலம். பிரிட்டனில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த வங்கதேச ஆண்களுக்கு, ஊரில் வளர்ந்து பெரியவர்களான பிறகு அங்கே போனவர்களைவிட டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று 2018இல் பென்ட்லி குழு காட்டியது. ரத்தம் ஒன்றே, வளர்ந்த இடம் வேறு.

மறுபக்கம் டெல்லி. 1969 முதல் 1972 வரை அங்கே பிறந்தவர்களில் 1,492 பேரை 26 முதல் 32 வயதில் சோதித்து, பார்கவா குழு 2004இல் சொன்னது: இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பிறகு சீக்கிரமே ஊதத் தொடங்கியவர்களுக்குத்தான் சர்க்கரைக் கோளாறு. சர்க்கரை வந்த ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு, அதுவும் எல்.எச். ஏறாத வகை என்று தண்டோனா குழு காட்டியதும் அதே 2004இல்தான். ஆறு மாதத்துக்குள் ஏறும் கிலோவும் மூன்று வயதுக்கு மேல் ஏறும் கிலோவும் ஒரே கிலோ அல்ல. என் நோயாளிக்கு முன்னது கிடைக்கவில்லை, பின்னது கிடைத்தது. நாற்றங்கால் எப்படி இருந்தது என்று கேட்காமல் கதிரைப் பார்த்து உரம் போடுகிற வேலைதான் அந்த ஜெல் சீட்டு.

ஆகவே ஹைப்போகொனாடிசம் வரலாற்றுத் தாளில் பிறப்பு எடையும் கர்ப்ப வாரமும் கட்டாயம் இடம்பெற வேண்டும். இங்கேதான் இந்த ஆசிரியரின் பழைய புண் திறந்துகொள்கிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

அந்த எடை தொலைந்துபோன ஒன்றல்ல. எழுதப்பட்டது, எழுதியபின் கிழிக்கப்பட்டது. பிறப்பு அறிக்கைப் படிவம் 1ஐ மருத்துவமனையில் நிரப்பியவர்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு பாதிகள். சட்டப் பகுதியில் பெயர், தேதி, இடம், பெற்றோர். புள்ளியியல் பகுதியில் தாயின் வயது, பிரசவ முறை, பிறப்பு எடை, கர்ப்ப வாரம். முதல் பாதி பதிவேட்டில் தங்குகிறது. இரண்டாம் பாதியைக் கிழித்துக் கணக்கெடுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று படிவமே சொல்கிறது. சான்றிதழில் எடைக்கு இடமில்லை. சுனாமிக்குப் பிறகு அந்தத் தாயார் மகனின் பிறப்புச் சான்றிதழுக்கு மறுபிரதி வாங்கிவிட்டார். சட்டப் பாதி பத்திரமாக இருந்தது. எடையைக் கேட்டு இன்னொரு நோயாளிக்காக ஒரு பதிவு அலுவலகத்துக்கு நானே போயிருக்கிறேன். “அதெல்லாம் ஸ்டேட்டிஸ்டிக்ஸ் சார், ஆளுக்குத் தர்றதில்ல” என்றார்கள். ஒரு மனிதனின் உடம்பு அவனுக்கே தரக்கூடாத புள்ளிவிவரம் ஆகிவிட்டது.

1969இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. அதே 1969இல்தான் டெல்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் பிறந்த குழந்தைகளைப் பின்தொடரும் வேலை தொடங்கியது. ஆய்வாளர்கள் எடையைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அரசு தேதியை வைத்துக்கொண்டது. 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம். தேசியத் தரவுத்தளம் வருகிறது. பெற்றோரின் ஆதார் எண்ணைக் கேட்கத் தெரிந்தது. குழந்தையின் எடையைத் திருப்பிக் கொடுக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. காகிதக் காலத்தில் கிழித்தார்கள், சரி. கணினியில் எதைக் கிழிக்கிறார்கள்?

எங்கள் ஊரில் இது இரட்டிப்பாக உறுத்தும். காரைக்காலில் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பத்திரத்தில் கொள்ளுத்தாத்தா எத்தனை மணிக்குப் பிறந்தார் என்பதுகூட இருக்கும். சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) பென்ஷனுக்கும் குடியுரிமைக்கும் அதைத் தேடி இன்றும் மேரி என்ற நகராட்சி அலுவலகத்துக்கு ஆள் போகிறது. அதே குடும்பத்தில் பாரிஸ் பக்கம் பிறந்த பேரன் விடுமுறைக்கு வரும்போது ‘கார்னே த சாந்தே’ என்ற சுகாதாரப் புத்தகத்தைப் பெட்டியில் கொண்டு வருகிறான். பிறந்த எடை, நீளம், தலைச்சுற்றளவு, மாதாமாதம் போட்ட வளைகோடு எல்லாம் அதில் உண்டு. இங்கே பிறந்த அவனுடைய மாமன் மகனுக்கு ‘சொச்சம்’தான்.

எல்லையும் சேர்ந்துகொள்கிறது. தலைப்பிரசவத்துக்கு நெரவிப் பெண் நாகப்பட்டினத்துக்கோ திருவாரூருக்கோ தாய்வீடு போவாள். பிறந்த இடத்தில்தான் பதிவு. கர்ப்பகாலத் தகவல் தமிழ்நாட்டின் பிக்மி தளத்தில்; பிள்ளை புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அங்கன்வாடியில் வளரும். தடுப்பூசி அட்டை ஒன்றுதான் இரண்டுக்கும் பாலம். அது மழையிலும் நனையும், வீடு மாறும்போதும் தொலையும்.

எடையை எழுதிக் காத்தால் என்ன பயன் என்பதற்கு இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் சாட்சி. அங்கே 1911இல் எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையார் மருத்துவச்சிகளையும் சுகாதாரப் பார்வையாளர்களையும் வைத்துப் பிறந்த எடையையும் ஒரு வயது எடையையும் பேரேட்டில் எழுத வைத்தார். 1989இல் பார்க்கர் குழு அதை வைத்து 5,654 ஆண்களின் ஆயுளைக் கணக்கிட்டது. ஒரு வயதில் 18 பவுண்டுக்கு மேல் போகாதவர்கள், 27 பவுண்டைத் தொட்டவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இதயநோயில் இறந்திருந்தார்கள். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையின் 1934க்குப் பிந்தைய பிரசவப் பதிவுகளும் அப்படியே பயன்பட்டன. மையும் தாளும் போதுமானதாக இருந்த வேலை இது.

கோரிக்கை இரண்டு. பிறப்பு எடையும் கர்ப்ப வாரமும் சான்றிதழின் இணைப்புத் தாளாகவேனும் பெற்றோருக்குக் கிடைக்க வேண்டும். ஏற்கெனவே திரட்டியதை உரியவர் கேட்டால் தர வேண்டும். அதுவரை பிரசவம் பார்க்கும் தோழர்கள் டிஸ்சார்ஜ் தாளில் இவ்விரண்டையும் முதல் வரியில் எழுதி, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்களைப் பார்ப்பவர்கள் தாயாரையோ மூத்த சகோதரியையோ அழைத்துக் கேளுங்கள்: கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களா, மற்ற பிள்ளைகளைவிடச் சிறிசா, விரைக்கு அறுவை நடந்ததா, எப்போது ஊதினான். கேட்டபின், காலை வெறும் வயிற்று ரத்தம் இரண்டு முறை, எஸ்.எச்.பி.ஜி., எல்.எச். பார்த்து, இடுப்பளவு குறைய வழி செய்து, கடைசியில் மருந்துக்கு வாருங்கள்.

அடுத்த இதழ் முதல், ஆண் ஹார்மோன் குறைபாடு பற்றி வரும் நோயாளர் அறிக்கைகளில் பிறப்பு எடைக் கட்டம் வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்பப்படும். ‘கிடைக்கவில்லை’ என்று எழுதலாம். எந்த அலுவலகத்தில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். அந்தப் பதில்களை நாங்கள் சேர்த்து வைக்கப் போகிறோம்.

– ஆசிரியர், நெரவி