வளர்ப்பதா, விடுவதா?

ஜீவனஹள்ளியில் வாழும் அம்மையார் ஒருவர் நமக்கு ஒரு மடல் விடுத்திருந்தார். அவர் குடியிருப்பது மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடு. பரணைத் தூய்மை செய்ய வந்த ஆட்கள், அங்கே கண் திறவாத மரநாய்க் குட்டி ஒன்றைக் கண்டு கீழே கொணர்ந்தனராம். தாயைக் காணவில்லை. அம்மையாரின் பேரன் குட்டியை அட்டைப்பெட்டியில் இட்டு, பசும்பாலில் துணித்திரியை நனைத்து ஊட்டி வந்தான், பெயரும் சூட்டினான். இருபது நாள் கழிந்தன. குட்டி கண் விழித்தது. அவன் தோளில் ஏறி உறங்கவும் கற்றது. ஆயினும் சில நாள்களாக அதன் பின்னங்கால்கள் தளர்ந்து இழுத்தன. இதற்கிடையே அண்டை வீட்டார் ஒருவர், “இது சட்டப்படி குற்றம்” என்று கூறிச் சென்றுவிட்டார். “சாகக் கிடந்த உயிருக்குப் பால் வார்த்தது குற்றமா? வளர்த்த பிள்ளையை எப்படி விடுவது?” என்பது அம்மையாரின் கேள்வி.

தளர்ந்த கால் இதழ் வெளிவரும் வரை காத்திராது. ஆதலின் மடல் கிடைத்த அன்றே நம் மறுமொழியை அவருக்குத் தெரிவித்துவிட்டோம். அம்மையாரும் காலம் தாழ்த்தாமல் குட்டியைக் காட்டுயிர் மருத்துவர்களிடம் ஒப்படைத்தார். கால்கள் முற்றும் தேறுமா என்பதை இப்பொழுதே கூற இயலாது என்று அவர்கள் சொன்னார்களாம். இத்தகைய நிகழ்ச்சி நம் வீடுகளில் எவருக்கும் நேரலாம். மரநாய் இல்லாவிடின் அணிற்பிள்ளை. அணில் இல்லாவிடின் கிளிக்குஞ்சு. ஆகவே, அவருக்கு எழுதியவற்றைச் சிறிது விரித்து இங்கே அனைவருக்கும் கூறுகின்றோம்.

முதலில் மரநாயைப் பற்றிச் சில சொற்கள். பெயரில் நாய் இருப்பினும் அது நாயினமன்று, புனுகுப்பூனையின் இனத்தது. பகலெல்லாம் மரப்பொந்திலோ கூரையிலோ உறங்கி, இரவில் தனித்து இரை தேடும். பனையிலும் தென்னையிலும் கட்டிய கலயத்துக் கள்ளைக் குடிக்கும் பழக்கம் கண்டு ஆங்கிலேயர் அதனைக் ‘கள்ளுப்பூனை’ என்று அழைத்தனர். எலி, பூச்சி, பழம் ஆகியவை அதன் உணவு. கூந்தற்பனை, அத்தி முதலியவற்றின் பழங்களை உண்டு, விதைகளை வேறிடங்களில் இட்டுச் செல்வதால், அது அறியாமலே மரம் நடும் தொண்டு செய்கின்றது. பெங்களூரில் பழைய தோட்டங்கள் குறையக் குறைய, எஞ்சிய மரங்களுக்கு அருகிலுள்ள கூரைகளே அதற்குப் பொந்துகளாகிவிட்டன. நமக்குத் தெரியாமலே நம் தலைக்கு மேல் குடியிருக்கும் அண்டை வீட்டுக்காரர் என்று அதனைக் கூறலாம்.

இனிக் குட்டியின் கால் ஏன் தளர்ந்தது என்று காண்போம். கன்றுக்கு அமைந்தது பசும்பால். காட்டு விலங்கின் குட்டிக்கு வேண்டிய கொழுப்பும் புரதமும் அதில் வேறு அளவில் உள்ளன. ஆதலால் வயிற்றுப்போக்கு உண்டாகிக் குட்டி நீர் வற்றி நலியும். குழந்தையை மடியில் மல்லாத்திப் பாலூட்டுவது போல் குட்டிக்கும் ஊட்டினால், பால் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். சில நாள் கழித்துப் பாலும் ரொட்டியும், பாலும் சோறும் என்று கொடுக்கத் தொடங்குவார்கள். வயிறு நிறையும், எலும்பு நிறையாது. சுண்ணாம்புச் சத்தும் அதற்கு ஈடான பிற சத்துகளும் உரிய அளவில் சேராதபோது, உடல் தன் எலும்பையே கரைத்துக் கொள்ளும். எலும்பு மென்மையுற்று வளையும், பின்னங்கால் இழுக்கும், சிறு குதிப்பிலும் முறியும். அன்போடு ஊட்டிய கையே இதற்குக் காரணமாவதுதான் வருந்தத்தக்கது.

இத்துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவில் ஒப்போசம் என்றொரு விலங்கு உண்டு. கங்காருவைப் போல் வயிற்றுப் பையில் குட்டிகளைச் சுமப்பது, பூனையளவு வளர்வது, இரவில் திரிவது. பிறக்கும்போது அதன் குட்டி தேனீயின் அளவே இருக்கும். தாய் சாலையில் வண்டி மோதி இறந்தாலும், பையினுள் குட்டிகள் உயிரோடிருப்பது உண்டு. அவ்வழிச் செல்வோர் இரங்கி, அக்குட்டிகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று வளர்ப்பர். அங்கும் ஊர்ப் பழக்கத்தில் உள்ள உணவைக் கொடுத்து, இதே எலும்பு நோயால் ஒப்போசங்கள் நடக்க இயலாமற் போவதைக் கால்நடை மருத்துவர் பலர் கண்டுள்ளனர். ஆகவே அந்நாட்டு மாநிலங்கள் பலவற்றில், பயிற்சியும் உரிமமும் பெற்றவர்களே அநாதைக் குட்டிகளைப் பேணி மீண்டும் காட்டில் விட வேண்டும் என்று விதித்துள்ளனர். செல்வம் மிகுந்த நாட்டில் இரக்கத்துக்கோ பொருளுக்கோ குறைவில்லை. அவ்விலங்கின் உடலைப் பற்றிய அறிவுதான் அங்கும் வேண்டியதாயிற்று.

அண்டை வீட்டார் குறிப்பிட்ட சட்டத்துக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் மரநாய் இடம் பெற்றுள்ளது. நம் வீட்டு முகப்பில் கூண்டில் தொங்கும் பச்சைக்கிளியும் இடம் பெற்றுள்ளது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியல்களிலும் கிளிக்குப் பாதுகாப்பு நீடிக்கின்றது. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றமே. பலரும் அறியாத இன்னொரு விதியும் உண்டு. இத்தகைய விலங்கு எவ்வழியாலேனும் ஒருவர் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவித்தல் வேண்டும். இவ்விதியை அச்சுறுத்தலாகக் கொள்ளாமல் அறிவுரையாகக் கொள்வோமாக. வழிதவறிய குழந்தையைக் கண்டெடுத்தவர் என்ன செய்வாரோ, அதையே சட்டம் இங்கும் எதிர்பார்க்கின்றது. எடுத்தது குற்றமாகாது, எவருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்வதே குற்றமாகும்.

நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். குட்டியாக இருக்கையில் தோளில் உறங்கும் மரநாய், பருவம் எய்தியதும் தன் இயல்பைக் காட்டும். இரவு முழுவதும் திரிய முற்படும், அஞ்சினால் கடிக்கும். அத்தகைய கடியில் வெறிநோய் அச்சம் எப்பொழுதும் உண்டு. கடித்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் சென்று தடுப்பூசி பெற வேண்டும். “வீட்டில் வளர்ந்ததுதானே” என்று வாளாவிருத்தல் உயிருக்கே கேடாக முடியும்.

இவ்வளவும் கூறிய பின்னும் அம்மையாரின் இரண்டாம் கேள்வி எஞ்சி நிற்கின்றது. வளர்த்த பிள்ளையை எப்படி விடுவது? இதற்குச் சட்டப் புத்தகத்தில் விடையில்லை. நம் தமிழில் உண்டு.

வள்ளுவர் அன்புடைமையை எட்டாம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையை இருபத்தைந்தாம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு. தொடர்பு கருதாமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரையாசிரியர் பிரித்துக் காட்டுவர். நம் பிள்ளையை நாம் அன்பால் வளர்க்கின்றோம். அவன் நம்மோடு இருப்பான், நமக்கு உதவுவான் என்ற உறவும் அதில் அடங்கியிருக்கின்றது. காட்டுயிர்க்கு நாம் செய்யக்கூடியது அருள். அதில் ‘எனது’ என்னும் எண்ணம் கலக்கும்போது அது கூண்டாகிவிடுகின்றது. அருளைத் துறவோடு சேர்த்து வைத்த பெரியோர் கருத்து, ஒரு மரநாய்க் குட்டியைக் கையிலிருந்து விடும்போதுதான் நமக்கு விளங்குகின்றது போலும்.

மயிலுக்குப் போர்வை அளித்த பேகனை நாம் பள்ளியிற் படித்திருக்கின்றோம். அவன் போர்வையைத் தந்தான்; மயிலை அரண்மனைக்குக் கொண்டு போகவில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, கொடியைப் பெயர்த்துத் தன் முற்றத்தில் நடவில்லை; அது படர்ந்த இடத்திலேயே தேரை விட்டு நடந்து போனான். இருவர் செயலையும் கொடை என்று போற்றுகின்றோம். அவர்கள் எதையும் தம்மோடு எடுத்துச் செல்லவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

இதற்கு மாறான கதையும் நம் நகரத்தின் அருகிலேயே உண்டு. தாயிடமிருந்து குட்டியாகப் பறிக்கப்பட்டு, மூக்கில் துளையிட்டுக் கயிறு கோக்கப்பட்டுத் தெருவில் ஆடிய கரடிகளை நம்முள் மூத்தோர் கண்டிருப்பர். அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டு, 2009-இல் கடைசிக் கரடியும் மீட்கப்பட்டதாக அறிவித்தனர். மீட்ட கரடிகளுக்குப் பன்னேர்கட்டாவில் புகலிடம் அமைந்தது. ஆனால் அவை காட்டுக்குத் திரும்ப இயலவில்லை. மனிதனையே நம்பி வாழ்ந்தமையால் இரை தேடவோ பகை அறியவோ அவை கற்கவில்லை. நெடுநாள் நம்மோடு வைத்திருப்பதால் விலங்கு இழப்பது இதுவே. நாள் செல்லச் செல்ல, விடுவிக்கும் வழியும் அடைபட்டுப் போகின்றது. எனவேதான் ‘இன்னும் சிறிது வளரட்டும், பிறகு விடலாம்’ என்ற எண்ணத்தை நாம் ஒப்புவதில்லை.

குட்டி ஒன்று கைக்கு வந்தால் செய்ய வேண்டியவை சிலவே. காயமில்லாத குட்டியாயின், அதைக் கண்ட இடத்துக்கு அருகிலேயே, திறந்த கூடையில் துணி விரித்து அந்தி வேளையில் வைத்து, ஆட்களும் நாய்களும் விலகி நிற்க வேண்டும். மரநாயும் அணிலும் குட்டியை வாயாற் கவ்வி இடம் மாற்றும் இயல்புடையவை. அமைதி இருந்தால் தாய் திரும்பக் கூடும். காயம் இருந்தாலோ, தாய் இறந்திருந்தாலோ, இரவு கழிந்தும் தாய் வாராவிடினோ, குட்டியைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் இருளில் வைக்க வேண்டும். வெந்நீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றி ஓர் ஓரமாக வைத்தால் சூடு குறையாது. பாலும் சோறும் கொடுத்தலாகாது. கொஞ்சுதலும் படம் எடுத்தலும் வேண்டா. உடனே வனத்துறைக்கோ காட்டுயிர் மருத்துவமனைக்கோ தெரிவிக்க வேண்டும். கெங்கேரியில் ‘பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்’ அமைப்பு 1996 முதல் இத்தகைய பணியை நடத்தி வருகின்றது. ஜீவனஹள்ளிக்கு அது நகரின் மறுகோடிதான். ஆயினும் முதலில் தொலைபேசியிற் பேசினால் வழி சொல்வார்கள். அங்கே தகுந்த உணவு கொடுத்து, மனிதர் நெருக்கத்தைக் குறைத்து, இரை தேடக் கற்ற பின் ஏற்ற இடத்தில் விடுவிக்க முயல்வர்.

வீட்டிலுள்ள சிறுவர்க்கு என்ன சொல்வது? “அது ஓடிப்போயிற்று” என்று பொய் கூறலாகாது. பெட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். “நீ இதனைச் சாவிலிருந்து எடுத்தாய், இனி இதற்கு வேண்டியதைத் தெரிந்தவர் செய்வர்” என்று சொல்லுங்கள். பிள்ளை அழுதால் அழட்டும். ஊரை விட்டு வந்த குடும்பங்கள் நாம். பாட்டியை விட்டுப் பிரிந்து இரயிலேறிய நாளில் நாமும் அழுதோம். பிரிவால் பாசம் குறைந்துவிடாது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மினும் தகுதியுடையார் யார்?

இறுதியாக ஒன்று. ஓடு மாற்றும் முன்னும், பரணைத் தூய்மை செய்யும் முன்னும், மரக்கிளை வெட்டும் முன்னும் ஒரு முறை விளக்கொளியில் நன்றாகப் பாருங்கள். கூடோ குட்டியோ இருந்தால், அவை தாயோடு வெளியேறும் வரை சில வாரம் பொறுத்திருங்கள். அவ்வாறு பொறுத்திருந்தால், தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கும் நிலையே நம் வீட்டில் நேராது.