எங்கள் வீட்டில் மீன் வறுத்தது யார்?

"டேய், இந்நேரத்துல யாருடா மீன் வறுக்கறாங்க?" என்று எழுப்பினாள் அம்மா.

விடியற்காலை ஐந்தே கால். எங்கள் வீடு மூன்று தலைமுறையாக வாழைக்காய்க்கு மேல் எதையும் வறுத்ததில்லை. மாடி போர்ஷன் காலி. மோப்பம் பிடித்துக்கொண்டே போனால், வாசனை ஹால் மூலையில் இருந்த பவர் பிளக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. சுவிட்ச் போர்டு இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு ஓரம் டீ சிந்தியது போலப் பழுப்பு.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். இந்தப் பிளாஸ்டிக் சூடேறினால் சில சமயம் அசல் மீன் நாற்றமே வருமாம். மீன் சமைக்காத வீட்டில் மீன் வாசனை வந்தால் தயவுசெய்து பூனையைத் தேடாதீர்கள். சுவிட்ச் போர்டைத் தொட்டுப் பாருங்கள், புறங்கையால்.

விஷயம் அதற்குப் பத்து நாள் முன்பே ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் அறைக்கு ஒன்றரை டன் ஏ.சி. வாங்கினோம். பாயிண்ட் போட வந்த எலெக்ட்ரீஷியன் டி.பி. பாக்ஸைத் திறந்து உதட்டைப் பிதுக்கினார். லைட்டுக்கு இரண்டு சர்க்யூட், பிளக்குக்கு ஒன்று, அவ்வளவுதான் உள்ளே.

"தனி ஒயர்னா சுவத்த ஒடைக்கணும், டி.பி. மாத்தணும், பதினஞ்சாயிரம் ஆகும் சார். ஹால் பிளக்லேர்ந்தே ஒரு லைன் இழுத்து விட்டுடறேன். எண்ணூறு ரூபா."

நான் பி.காம். பதினைந்தாயிரத்துக்கும் எண்ணூறுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க காஸ்டிங் பேப்பர் எழுதியிருக்க வேண்டியதில்லை. "இழுங்க" என்றேன்.

அந்த ஹால் லைனில் ஏற்கெனவே கீசரும் சமையலறை இண்டக்ஷன் அடுப்பும் குடித்தனம் நடத்தி வந்தன. மறுநாள் விடியற்காலை அம்மா குளிக்க கீசர் போட்டாள். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மனைவி இண்டக்ஷனில் பால் வைத்தாள். கால் மணி நேரத்தில் 'டப்'. எம்.சி.பி.யின் குச்சி கீழே கிடந்தது. தூக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'டப்'.

எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். "பதினாறு ஆம்ப் தாங்கலை சார். முப்பத்திரண்டு போட்டுட்டா சத்தமே இருக்காது."

வாக்கு தவறாத மனிதர். ஆறு நாள் சத்தமே இல்லை. ஏழாம் நாள்தான் மீன்.

தெருக்கோடியில் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டையரான பெரியவர் ஒருவர் இருக்கிறார். வந்தார். போர்டைக் கழற்றினார். டேப் சுற்றி முறுக்கியிருந்த ஜாயிண்ட் கருகி, ஒயரின் மேல்தோல் அப்பளமாக உதிர்ந்தது. பிறகு டி.பி.யைப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு போடச் சொன்னது யாரு தம்பி?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"சரி, இந்த எம்.சி.பி. யாரைக் காப்பாத்த இருக்கு?"

"ஏ.சி.யை."

"இல்ல."

"கீசரை?"

"சுவத்துக்குள்ள போற ஒயரை, தம்பி. ஏ.சி.க்கு என்ன ஆனாலும் அதுக்குக் கவலையில்ல."

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் எம்.சி.பி. மேல் போட்டிருக்கும் நம்பர் மிஷினுக்கு வேண்டிய அளவு என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒயரால் தாங்க முடிந்த அளவு!

பழைய டெலிபோன் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். கீசர் 2,000 வாட்ஸ், அதாவது 8.7. இண்டக்ஷனை முழு வேகத்தில் வைத்தால் அதுவும் 8.7. ஏ.சி. சுமார் 7. மொத்தம் 24 சொச்சம். உள்ளே போவது ரெண்டரை ஸ்கொயர் ஒயர். அது சுமாராக 20 ஆம்பியர் தாங்கும். ஒரே குழாயில் நாலைந்து ஒயர் நெருக்கியடித்து, சுவரும் வெயிலில் காய்ந்தால் அதுவும் குறையும்.

16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றே கால் மடங்கு, ஒன்றரை மடங்கு என்று போனால் உடனே விழாது. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை ஒன்று சூடாகி வளைந்து, நிதானமாகத்தான் தட்டிவிடும். 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆகவேண்டும் என்பது விதி. பாவம், அது விதிப்படிதான் விழுந்திருக்கிறது. 32-ஓ, 36 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அசையக்கூடாது. அதுவும் விதிப்படிதான் தூங்கியிருக்கிறது. நடுவில் ஒயர்தான் வெந்தது.

எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. அந்தக் காலத்து பீங்கான் ஃப்யூஸ் கட்டையில், அடிக்கடி போகிறதே என்று, ஒற்றை இழைக்குப் பதில் நாலு இழை முறுக்கிப் போடுவார். "இனிமே போகாது பாரு" என்பார். போகவும் இல்லை, மிக்ஸி போன அன்றைக்குக்கூட. பரம்பரை புத்தி!

கடைசியில் சுவரை உடைத்தோம். ஏ.சி.க்குத் தனியாக நாலு ஸ்கொயர் ஒயர், 20 ஆம்பியர். கீசருக்கும் இண்டக்ஷனுக்கும் தனித்தனியாக ரெண்டரை ஸ்கொயர், ஆளுக்கு 16. லைட்டுக்கு ஒன்றரை ஸ்கொயர், 10-க்கு மேல் கூடாது என்றார். ஏ.சி. 7 ஆம்பியர்தானே, எதற்கு இவ்வளவு தடி ஒயர் என்று கேட்டேன். "ஒயர் பெருசா இருந்தா காசுதான் நஷ்டம். எம்.சி.பி. பெருசா இருந்தா வீடு நஷ்டம்."

கடையில் இன்னொரு கூத்து. "பி வேணுமா, சி வேணுமா?" என்றார் கடைக்காரர். நான் விட்டமின் கடைக்கு வந்துவிட்டோமோ என்று முழித்தேன். எம்.சி.பி. மேல் 'சி 20' என்று போட்டிருப்பார்கள். திடீரென்று கரண்ட் எகிறினால் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பது அந்த எழுத்து. பி என்றால் 3 முதல் 5 மடங்குக்குள் படக்கென்று விழும். சி என்றால் 5 முதல் 10. ஏ.சி., மோட்டார் எல்லாம் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் பல மடங்கு இழுக்கும். அதற்கு சி. (இன்வெர்ட்டர் ஏ.சி. மெதுவாகத்தான் எழுந்திருக்கும்.) கீசர், லைட்டுக்கு பி போதும். டி என்று ஒரு கோபமே வராத ஜாதி உண்டு. வெல்டிங் பட்டறைக்கு. வீட்டுக்கு வேண்டாம். கட்டம் கட்டி 6000 என்றோ 10000 என்றோ போட்டிருப்பது, ஷார்ட் சர்க்யூட் ஆனால் எத்தனை ஆம்பியர் வரை வெடிக்காமல் அறுத்துவிடும் என்பது. அதைப் பார்க்காமல் சல்லிசாகக் கிடைப்பதை வாங்காதீர்கள்.

பெரியவர் இன்னொன்றும் வாங்கச் சொன்னார். ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர். விலையைப் பார்த்து, "அதான் எம்.சி.பி. இருக்கே ஐயா" என்றேன்.

"அது ஒயருக்கு. இது உனக்கு."

மனுஷனைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாமாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அதெல்லாம் கொசுக்கடி, திரும்பிக்கூடப் பார்க்காது. ஆர்.சி.சி.பி. போகிற கரண்டையும் திரும்புகிற கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 0.03 ஆம்பியர் வித்தியாசம் வந்தால் வெட்டிவிடும். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகாவிட்டால் கடையைச் சாத்துகிற கணக்குப்பிள்ளை! எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் ஓவர்லோடுக்கு அது ஒன்றும் செய்யாது. இரண்டும் வேண்டும்.

எல்லாம் முடிந்து, கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து, நிம்மதியாகத் தூங்கினேன். விடியற்காலை ஐந்தே கால். 'டப்'.

இந்த முறை விழுந்தது எம்.சி.பி. இல்லை, ஆர்.சி.சி.பி. கீசரைப் போட்டால் விழுகிறது, அணைத்தால் நிற்கிறது. பெரியவர் மறுபடி வந்து கீசரைக் கழற்றினார். காயில் வெடித்து உள்ளே கசிகிறது. பழைய பிளக்கில் எர்த் ஒயரே சேர்க்கவில்லை, அதனால் கசிவு போக வழியில்லாமல் தொட்டியிலும் குழாயிலும் நின்றிருக்கிறது.

அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓ! அந்தக் குழாயைத் தொட்டா கையெல்லாம் சுருசுருன்னு வருமேடா. நான் வாதம்னு இல்ல நினைச்சேன்?"

மூன்று மாதமாகத் தடவிய தைலம் அலமாரியில் பாதி பாட்டில் மிச்சமிருக்கிறது.