காமிக்ஸ் வாங்குங்க, ஆனா அதை முதலீடுன்னு சொல்லாதீங்க!



சமீபமா நம்மகிட்ட அடிக்கடி வர்ற ஒரு கேள்வி: "பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வாங்கி வெச்சா நல்ல ரிட்டர்ன் வருமாமே, உண்மையா?"

கேக்கிறவங்க எல்லாம் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க. மார்வெல், டிசி படங்களைப் பார்த்து வளர்ந்தவங்க. இப்போ கையில சம்பளம் இருக்கு. போனைத் திறந்தா ஒரு ரீல்ஸ்: "யாருக்கும் தெரியாத கேரக்டர் ஒண்ணைப் பிடி. அது முதல்முதலா வந்த இதழை இப்பவே மலிவா வாங்கி வை. நாளைக்குப் படத்துல வந்தா பத்து மடங்கு லாபம்!"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். காமிக்ஸ் தாராளமா வாங்குங்க, படிங்க, ரசிங்க. ஆனா அந்தச் செலவை "முதலீடு"ங்கிற தலைப்புல எழுதாதீங்க. ஏன்னு விளக்கமா பார்ப்போம்.

10 சென்ட் 60 லட்சம் டாலர் ஆன கதை

இந்த ரீல்ஸ் எல்லாமே ஒரே உதாரணத்துலதான் ஆரம்பிக்கும். 1938-இல் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ். சூப்பர்மேன் அறிமுகமான புத்தகம். அன்னைக்கு விலை 10 சென்ட். 2024 ஏப்ரல்ல அதே இதழோட ஒரு நல்ல பிரதி அமெரிக்காவுல 60 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு.

கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன். 86 வருஷத்துக்கு ஆண்டுக்கு சுமார் 23% கூட்டு வளர்ச்சி. கேக்கவே ஆசையா இருக்குல்ல?

ஆனா இது எப்படி நடந்துச்சுன்னு பாருங்க. அந்த இதழை சுமார் 2 லட்சம் பிரதி அச்சடிச்சாங்க. இன்னைக்கு உலகம் முழுக்கவே ஒரு 100 பிரதிதான் மிச்சம் இருக்கும்னு மதிப்பிடறாங்க. மத்ததெல்லாம் எங்கே போச்சு? பசங்க படிச்சுக் கிழிச்சாங்க, அம்மாக்கள் பழைய பேப்பரோட போட்டாங்க, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல காகிதம் சேகரிச்சப்போ பலது கூழாச்சு. யாருமே பத்திரப்படுத்தாததாலதான் அதுக்கு இந்த விலை.

இங்கதான் மெயின் பாயிண்ட். எல்லாரும் "பின்னாடி விலை ஏறும்"னு பத்திரப்படுத்துற பொருள் அபூர்வமாகவே ஆகாது. அபூர்வம் இல்லாத பொருளுக்குப் பெரிய விலையும் வராது.

1990-களில் இதே கனவு கண்டாங்க

இது தியரி இல்ல. ஒரு தடவை நடந்து முடிஞ்ச விஷயம்.

1980-களோட கடைசியில பழைய காமிக்ஸ் ஏல விலைகள் அமெரிக்கப் பத்திரிகைகள்ல செய்தியா வர ஆரம்பிச்சது. உடனே காமிக்ஸ் படிக்காதவங்ககூட கடைக்கு வந்து கட்டுக்கட்டா வாங்கினாங்க. பதிப்பகங்கள் சும்மா இருக்குமா? பளபள அட்டை, பிளாஸ்டிக் உறை, ஒரே கதைக்கு நாலஞ்சு வேற வேற அட்டைன்னு இறக்கினாங்க.

1991-இல் எக்ஸ்-மென் புது வரிசையோட முதல் இதழ் அஞ்சு விதமான அட்டையில வந்தது. கடைகளுக்குப் போனது 80 லட்சம் பிரதிக்கு மேல. அடுத்த வருஷம் "சூப்பர்மேன் சாகிறார்"னு 75-ஆவது இதழ். கறுப்பு உறை போட்டு வித்தாங்க, ஜனங்க கியூல நின்னு வாங்கினாங்க. நிறையப் பேர் உறையைப் பிரிக்கவே இல்ல. பிரிச்சா மதிப்பு குறைஞ்சிடுமே!

முடிவு என்ன? அந்த எக்ஸ்-மென் இதழ் இன்னைக்கும் சில டாலருக்குக் கிடைக்கும். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, பணவீக்கத்தைக் கழிச்சா நஷ்டம். சூப்பர்மேனும் சில மாசத்துலயே உயிரோட வந்துட்டார். வாங்கின கூட்டம் வெளியேறினதும் நிறையக் கடைகள் மூடினாங்க. 1996 டிசம்பர்ல மார்வெல் நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு.

"அது அப்போ சார், இப்போ அப்படி இல்ல"ன்னு சொல்வீங்க. இப்போ என்ன நடக்குதுன்னு பாருங்க. கடைக்காரர் 25 சாதாரணப் பிரதி ஆர்டர் பண்ணா ஒரு ஸ்பெஷல் அட்டைப் பிரதி கிடைக்கும். அந்த ஒண்ணை "அபூர்வம்"னு அதிக விலைக்கு வைப்பாங்க. பதிப்பகம் தானே உருவாக்கின தட்டுப்பாடு இது. 2024-இல் ஆரம்பிச்ச அப்சல்யூட் பேட்மேன் நிஜமாவே அருமையான தொடர். பேட்மேனுக்குச் சொத்து, மாளிகை எதுவும் இல்லைன்னா எப்படி இருப்பான்ங்கிற கதை. அந்த வருஷம் அமெரிக்காவுல அதிகம் வித்த இதழ் அதோட முதல் இதழ்தான், பல தடவை மறுபதிப்பும் வந்தாச்சு. கதைக்காக வாங்கினா காசுக்கு மேலயே திருப்தி. ஆனா இவ்ளோ பேர் உறையில போட்டு வெச்சிருக்கிற இதழ் ரிட்டையர்மென்ட்டுக்கு உதவும்னு நம்பாதீங்க.

"யாருக்கும் தெரியாத கேரக்டர்" லாட்டரி

சரி, ரீல்ஸ் சொல்ற ரெண்டாவது ஐடியா. புது இதழ் வேண்டாம், பழைய துக்கடா கேரக்டர் பிடிக்கலாம்.

இதுல பாதி உண்மை இருக்கு. குரூட் 1960-லேயே வந்தாச்சு. பூமியில ஒரு ஊரையே தூக்கிட்டுப் போக வந்த வில்லன் மரமா! ராக்கெட் ரக்கூன் 1976-இல் முதல்ல தலைகாட்டி, 1982-இல் ஹல்க் 271-ஆவது இதழ்ல வந்தான். தீவிர ரசிகர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. 2014-இல் கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி படம் வந்ததும் அந்த இதழ்களோட விலை எகிறிடுச்சு.

ஆனா லாபம் பார்த்தது யார்? பல வருஷமா பெட்டியில அதை வெச்சிருந்தவங்க. செய்தி கேட்டு ஓடிப்போய் வாங்கினவங்க இல்ல. மூன் நைட் முதல்ல வந்தது 1975-இல், வேர்வுல்ஃப் பை நைட் 32-ஆவது இதழ்ல. 2019-இல் தொடர் அறிவிச்சதும் விலை ஏற ஆரம்பிச்சது. 2022-இல் தொடர் வந்து முடிஞ்சதும் இறங்கிடுச்சு. ஐபிஓ லிஸ்டிங் அன்னைக்கு உச்ச விலையில வாங்கின ஷேர் மாதிரி.

அறிவிச்ச எல்லாமே திரைக்கு வரும்னும் சொல்ல முடியாது. அணில் பொண்ணு, அதாவது ஸ்க்விரல் கேர்ள், ஸ்பைடர்மேனை உருவாக்கின ஓவியர் ஸ்டீவ் டிட்கோ வரைஞ்ச கேரக்டர். 1990-களோட ஆரம்பத்துல வந்தா. 2017-இல் அவ இருக்கிற ஒரு டிவி தொடரை அறிவிச்சாங்க. கடைசிவரை அது ஒளிபரப்பாகவே இல்ல. அதை நம்பி இதழ் வாங்கினவங்க பாவம்.

ஆனா 2015-இல் இருந்து 2019 வரைக்கும் ரையன் நார்த் எழுதின ஸ்க்விரல் கேர்ள் தொடரைப் படிச்சவங்களைக் கேளுங்க. வில்லனை அடிக்கிறதுக்கு முன்னாடி பேசிப் பார்க்கிற ஹீரோயின். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஸ்டூடன்ட். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். காமிக்ஸ் உலகத்துல பெரிய கௌரவமான ஐஸ்னர் விருதும் 2017-இல் அதுக்குக் கிடைச்சது. படிச்சவங்களுக்கு முழுப் பலன், பதுக்கினவங்களுக்கு ஏமாற்றம்.

உருவாக்கினவங்களுக்கே கிடைக்கல

இதை ரீல்ஸ்ல சொல்ல மாட்டாங்க. சூப்பர்மேனை உருவாக்கின ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938-இல் அந்தக் கேரக்டரோட உரிமையை வித்தது 130 டாலருக்கு. அந்தத் தொகை அடங்கின செக் காகிதமே 2012-இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போச்சு! அவங்க ரெண்டு பேரும் 1975 வரைக்கும் போராடினாங்க. அதுக்கப்புறம்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம் கிடைச்சது.

ராக்கெட் ரக்கூனை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் எழுத்தாளர் பில் மான்ட்லோ. 1992-இல் கார் மோதித் தலையில பலத்த காயம். அதுக்கப்புறம் முழுநேரப் பராமரிப்பு தேவைப்பட்டது. செலவுக்காக அவரோட தம்பி காப்பீட்டு நிறுவனத்தோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டினார். பில் உருவாக்கின ரக்கூன் உலகம் முழுக்கக் கோடிகளைக் குவிச்சது அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு.

இதைச் சோகம் பிழியறதுக்காகச் சொல்லல. ஒரு கேரக்டரோட மதிப்பு எப்போ, யாருக்குப் பணமா மாறும்னு அதைப் பெத்தவங்களாலயே கணிக்க முடியல. ரீல்ஸ் பார்த்து வாங்குற நம்மால முடியுமா? அப்புறம், மெடிக்கல் இன்சூரன்ஸ் போடாம கலெக்ஷன் சேர்க்கிறவங்க இந்த ரெண்டாவது கதையை இன்னொரு தடவை படிங்க.

நம்ம ஊர்ல இருந்து வாங்கினா?

இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு இன்னும் சில தலைவலி இருக்கு.

முதல்ல கிரேடிங். பழைய காமிக்ஸுக்கு 10-க்கு எத்தனை மார்க்குன்னு போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில சீல் பண்ணித் தரணும். பிரபலமான சிஜிசி நிறுவனம் இருக்கிறது அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல. போக வர கூரியர், கட்டணம், சுங்க வரின்னு கணக்குப் போட்டா, சாதாரண இதழுக்கு அதோட விலையைவிடச் செலவு அதிகமாகும். ஓரத்துல சின்னதா ஒரு மடிப்பு இருந்தாலும் மார்க் இறங்கும், விலையும் இறங்கும்.

அடுத்தது விக்கிறது. தங்கம்னா அவசரத்துக்குத் தெருமுனையில அடகு வைக்கலாம். மியூச்சுவல் ஃபண்டுன்னா சில வேலை நாள்ல பணம் அக்கவுண்டுக்கு வந்துடும். ஸ்க்விரல் கேர்ளை எந்த அடகுக்கடையில எடுத்துப்பாங்க?

கடைசியா பாதுகாப்பு. சென்னைப் புழுக்கம், ஒழுகுற வாடகை வீடு, கரையான். குரூட்டையே அந்த 1960 கதையில தோற்கடிச்சது கரையான்தான்! உங்க பீரோவை மட்டும் விட்டு வைக்குமா?

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இதுல நல்லா சம்பாதிக்கிறாரே"ன்னு சிலர் சொல்லலாம். இருக்கலாம். ஆனா அவர் செய்றது வியாபாரம். சரக்கு பார்த்து வாங்கி, கிரேடு கணிச்சு, வாடிக்கையாளர் தேடி, பேக் பண்ணி அனுப்பறார். அது ரெண்டாவது வேலை. பீரோவுல போட்டு வெச்சா தானா வளரும்ங்கிறது வேற கதை.

அப்போ எப்படித்தான் வாங்கறது?

கையில வர்ற சம்பளம் 40,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 50-30-20 கணக்குப்படி அத்தியாவசியத்துக்கு 20,000, ஆசைக்கு 12,000, சேமிப்புக்கு 8,000. காமிக்ஸ் அந்த 12,000-க்குள்ள வரணும். அந்த 8,000-ஐத் தொடக்கூடாது. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி, மெடிக்கல் இன்சூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் அதுல இருந்துதான் உருவாகணும். அதுல இருந்து மாசம் 1,000 ரூபாய் எஸ்ஐபி போட்டா, ஆண்டுக்கு 12% வளர்ச்சின்னு வெச்சுக்கிட்டா 10 வருஷத்துல சுமார் 2.3 லட்சம். 12% உறுதி கிடையாது, ஆனா வேணும்கிறப்போ எடுக்கலாம்.

ஆசைக்கணக்குல மாசம் 1,000 ரூபாய் காமிக்ஸுக்குன்னு ஒதுக்குங்க. அதை எப்படிச் செலவழிக்கறதுன்னும் யோசிங்க. புது இதழ் ஒண்ணு 4.99 டாலர்னா நம்ம காசுக்கு 400 ரூபாய்க்கு மேல, இருபத்து சொச்சம் பக்கத்துல கதை முடிஞ்சிடும். அஞ்சாறு இதழைச் சேர்த்துப் போடற தொகுப்பு வர்ற வரைக்கும் காத்திருந்தா ஒரு முழுக் கதை கைக்கு வரும். பழைய முதல் இதழைப் பார்க்க ஆசையா? பல முக்கியமான இதழ்களைப் பழைய விளம்பரங்களோட அப்படியே மறுபதிப்பு பண்றாங்க. சுகம் அதேதான், விலை சில டாலர்தான்.

பெரிய விலையில ஏதாவது வாங்கத் தோணினா மூணு கேள்வி கேளுங்க:

1. நாளைக்கே விலை பாதியாச்சுன்னா, இது கையில இருக்கிறதுல சந்தோஷம் இருக்குமா?
2. உறையைப் பிரிச்சுப் படிக்க மனசு வருமா?
3. இதுக்காக இந்த மாசம் எஸ்ஐபியை நிறுத்தணுமா?

முதல் ரெண்டுக்கும் "ஆமா", மூணாவதுக்கு "இல்ல"ன்னா தயங்காம வாங்குங்க. வீட்டுல "இந்த வயசுல பொம்மை புக்கா?"ன்னு கேட்டா, "நல்ல முதலீடும்மா"ன்னு பொய் சொல்ல வேண்டாம். "பிடிச்சிருக்கும்மா, பட்ஜெட்ல இருக்கு"ன்னு சொல்லுங்க. அந்த பதிலுக்கு எந்தக் குறையும் இல்ல. பல பேர் "முதலீடு"ன்னு சொல்றதே ஆசைக்குச் செலவழிக்கிற குற்ற உணர்ச்சியை மறைக்கத்தான்.

கடைசியா ஒரு விஷயம். 130 டாலருக்கு சூப்பர்மேனை வித்த அதே ஜெர்ரி சீகல், 1960-களில் ஒரு பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக்கு "ஸ்பைடர்"னு ஒரு கேரக்டரோட கதைகளை எழுதினார். மார்வெல் ஸ்பைடர்மேன் இல்ல, இவன் குற்றவாளிகளோட ராஜா ஆக நினைச்ச வில்லன். இன்னைக்கு உலகத்துல பெரும்பாலானவங்களுக்கு அவனைத் தெரியாது. ஆனா சிவகாசியில இருந்து வர்ற லயன் காமிக்ஸ்ல தமிழ் பேசின அவனை, 80-களில் வளர்ந்த உங்க சித்தப்பாவோ மாமாவோ கண்டிப்பா ஞாபகம் வெச்சிருப்பாங்க. கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க. அவங்க அதை எந்த ரிட்டர்னுக்காகவும் வாங்கல.

உங்களுக்குப் பிடிச்ச, யாருக்கும் தெரியாத கேரக்டர் யாரு? மாசம் எவ்ளோ பட்ஜெட்? என் கருத்தோட ஒத்துப்போகலைன்னாலும் காரணத்தோட எழுதுங்க, அடுத்த வீடியோவுல பேசலாம்.