பின்னால் இருப்பது யார்?

நம்மவர்களுக்கு ஒரே ஒரு கேள்வியின்மேல் அளவு கடந்த மோகம் உண்டு. 'இதற்குப் பின்னால் இருப்பது யார்?' என்பதே அந்தக் கேள்வி. மழை பொய்த்தாலும் கேட்பார்கள். மில்லில் கதவடைப்பு என்றாலும் கேட்பார்கள். எழுத்தாளன் ஒரு கதை எழுதிவிட்டால், கதையைப் படிப்பதற்கு முன் அவனுக்குப் பின்னால் யார் என்று விசாரிப்பார்கள். எனக்குப் பின்னால் இருப்பது ஒரு பழைய மர அலமாரி என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், நம்ப ஆளில்லை.

வேடிக்கையாக இருந்தவரையில் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். 2023 மார்ச் மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றது.

அந்த மாதத்தின் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைத் தேடிப் பிடித்து வெட்டுகிறார்கள், இந்தி பேசினால் உயிரோடு விடுவதில்லை என்று ஒரு வதந்தி வடக்கே காட்டுத் தீயாய்ப் பரவிற்று. வெறும் வாய்ப் பேச்சாக இருந்தால் சந்தேகப்படுவதற்கு இரண்டு பேராவது இருந்திருப்பார்கள். இது ஓடுகிற படங்களோடு வந்தது. கண்ணால் கண்டதைப் பொய் என்று யார் சொல்வார்? அப்போது தமிழ்நாட்டுப் போலீஸ் தலைவராக இருந்த சைலேந்திர பாபு சொன்னார்: சுற்றிக்கொண்டிருந்த இரண்டு படங்களில் ஒன்று, பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை, மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. வடவரைத் தமிழர் தாக்கிய சங்கதி இரண்டிலும் கிடையாது. வேறொரு படத்தில் இரண்டு பேர் உடம்பில் கட்டுப் போட்டுக்கொண்டு காட்சி தந்தார்கள். அது பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் வைத்து எடுத்த நாடகம் என்று பீகார்ப் போலீசாரே கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

எங்கள் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தறிகளில் ஓடுவது பெரும்பாலும் பேண்டேஜ் துணிதான். எங்கெங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அந்த நாடகக்காரர்கள் சுற்றிக்கொண்ட துணியும் சத்திரப்பட்டித் துணியாக இருக்கலாம். அதற்கு நூல் எங்கள் வட்டாரத்து மில் எதிலாவது நூற்றதாக இருக்கலாம். அந்த மில்களில் ராத்திரி ஷிப்டில் நிற்பவர்களில் பீகார்ப் பிள்ளைகளும் உண்டு. கதை எழுதுகிறவன் இப்படி ஒன்றை எழுதினால் 'ஜோடனை' என்று தள்ளிவிடுவீர்கள்.

போகட்டும். பொய் என்று தெரிந்துபோயிற்று அல்லவா? அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நமக்கோ அங்கேதான் ஆரம்பம்.

மார்ச் 1-ஆம் தேதி சென்னையில் அன்றைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலினின் எழுபதாவது பிறந்த நாள் பொதுக்கூட்டம். அப்போது பீகாரின் துணை முதலமைச்சராக இருந்த தேஜஸ்வி யாதவ் மேடையில் இருந்தார். அடுத்த நாட்களில் பீகார்ச் சட்டசபையில் பாரதிய ஜனதாக் கட்சியார் அமளி செய்தார்கள். பா.ஜ.க.வுக்கு எதிராக ஒன்றுசேரவேண்டும் என்று நான் பேசிய மறுநாளே இது பரப்பப்பட்டது, இதைக் கவனித்தாலே சதி விளங்கும், பரப்பியவர்கள் வடமாநில பா.ஜ.க.வினர் என்றார் ஸ்டாலின். தி.மு.க.வினரும் அவர்களுடைய தோழமைக் கட்சியினரும் வடவர்மேல் வளர்த்த வெறுப்புத்தான் காரணம் என்றார் அப்போது மாநில பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை. அவர்மேல் வழக்குப் பதிவாயிற்று. முடிந்தால் இருபத்து நான்கு மணி நேரத்தில் கைது செய்யுங்கள் என்று அவர் சவால் விட்டார். பிறகு கேட்க வேண்டுமா? வதந்தியை விட்டுவிட்டார்கள், வதந்தியின் தகப்பனாரைத் தேடப் புறப்பட்டுவிட்டார்கள்.

அந்த நாட்களில் ஒரு காலை, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த மூன்று பேர் பேப்பரைப் பங்கு போட்டுக்கொண்டு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, இதுக்குப் பின்னால டெல்லி இருக்கு. இதுகூடவா ஒங்களுக்குத் தெரியல?"

"டெல்லிக்கு வேற வேலை இல்லையா? இவங்களே கெளப்பி விட்டு, இவங்களே அணைக்கிற மாதிரி அணைப்பாங்க. ஒனக்கு வயசு பத்தாது தம்பி."

மூன்றாமவர் வயதில் பெரியவர், ஓய்வு பெற்றவர், எதையும் உலகளாவிய நோக்கில் பார்க்கிறவர். "ரெண்டும் இல்லப்பா. இதுல வெளிநாட்டுக் கை இருக்கு. திருப்பூர் பனியன் ஏத்துமதியக் கெடுக்கணும்னு எவனோ வேலை பாக்கான்" என்று தீர்ப்பளித்தார்.

அப்போது ஒரு பையன் என்னிடம் வந்தான். மில் ஷிப்டு முடிந்து வந்தவன். தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. கைபேசியை நீட்டி, "அண்ணா, ஒரு போட்டோ எடுங்க. ரெண்டு கையும் தெரியணும். அம்மா கேக்குது" என்றான். அவன் அம்மாவுக்குப் பீகாரில் யாரோ அந்தப் படத்தைக் காட்டிவிட்டார்கள். மகன் போனில் பேசியும் அவள் நம்பவில்லையாம். முழு உருவமாகப் பார்க்கவேண்டுமாம். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி, விறைப்பாக, தையற்காரனிடம் அளவு கொடுக்கிறவனைப்போல நின்றான். எடுத்துக் கொடுத்தேன். அரை கஜ தூரத்தில் அந்த மூன்று பேரும் இருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டெல்லியைப் பார்க்கிற கண்ணுக்குப் பக்கத்து பெஞ்சு தெரிவதில்லை.

பையன் அந்த வாரம் ஹோலிக்கு ஊருக்குப் போனான். அவனைப்போலப் போனவர்கள் பண்டிகைக்குப் போனார்களா, பயந்துபோய்ப் போனார்களா என்பதிலும் நம் ஊரில் கட்சிவாரியாக அபிப்பிராய பேதம் இருந்தது.

அவ்வளவு தீவிரமாகத் தேடினார்களே, கண்டுபிடித்தார்களா? அந்த விவகாரத்தில் பெரிதாக அடிபட்ட பெயர் மணீஷ் காஷ்யப் என்ற யூடியூப்காரருடையது. 2023 மார்ச் 18-இல் பீகாரில் சரணடைந்தார். தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ளே வைத்தார்கள். அந்த உத்தரவை நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்துச் செய்தது. 2024 ஏப்ரலில் அவர் பா.ஜ.க.வில் சேர்ந்தார். 'பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே!' என்று ஒரு தரப்பார் துள்ளினார்கள். 2025-இல் அந்தக் கட்சியை விட்டு விலகிப் பிரசாந்த் கிஷோரின் கட்சிக்குப் போனார். பிரசாந்த் கிஷோரோ 2021 தேர்தலில் தி.மு.க.வுக்கு யோசனை சொன்னவர்! இனி மற்றத் தரப்பார் துள்ளவேண்டியதுதான் பாக்கி. போதாததற்கு, 2023-இல் தேஜஸ்வியோடு ஒரே மந்திரிசபையில் இருந்த நிதீஷ் குமார், 2024 ஜனவரியில் பா.ஜ.க. பக்கம் போய்விட்டார். யார் பின்னால் யார்? கரகாட்டக்காரன் தலையிலிருக்கிற குடம்கூட இதைவிட ஓரிடத்தில் நிற்கும்.

பொய்யை உற்பத்தி செய்தவனைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். பிடிக்கட்டும், வழக்குப் போடட்டும், தண்டிக்கட்டும். அது போலீசும் கோர்ட்டும் செய்கிற காரியம். டீக்கடையிலும் வீட்டுக் கூடத்திலும் நாம் செய்வது வேறு. 'பின்னால் யார்?' என்று கேட்டுவிட்டால் முன்னால் இருப்பதைப் பார்க்கிற சிரமம் மிச்சம் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. இதே ராஜபாளையத்தில் 2018 ஜனவரி 7-இல் வைரமுத்து ஆண்டாளைப்பற்றிப் பேசினார், ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தது. வாரக்கணக்கில் இரு தரப்பாரும் எதிர்த் தரப்புக்குப் பின்னால் யார் என்று ஆராய்ந்தார்கள். என்னிடம் வந்து அப்படி ஆராய்ந்தவர்களிடமெல்லாம், 'பேச்சை முழுக்கப் படித்தீர்களா? நாச்சியார் திருமொழியைப் படித்தீர்களா?' என்று கேட்டேன். இரண்டையும் படித்திருந்தவர் ஒருவர். அவர்தான் கோபப்படாமல் பேசினார்.

தகப்பனார் இல்லாமலே வதந்தி பிறக்கும், வளரும், கொலையும் செய்யும் என்பதற்கு நமக்கு அத்தாட்சி இருக்கிறது. 2018 மே மாதம், வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூருக்கு அருகே, குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து உறவினரோடு வந்த அறுபத்தைந்து வயது அம்மாள் ஒருத்தி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தாள். கூட்டம் கூடி அவளை அடித்தே கொன்றுவிட்டது. அவள் தமிழச்சி. அப்போது எந்தக் கட்சியும் எந்தக் கட்சியையும் கைகாட்டவில்லை. அதில் யாருக்கும் ஓட்டு இல்லை. ஆகவே 'பின்னால் யார்?' என்ற கேள்வியையே காணோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியல்ல. 1789 கோடையில் பிரான்சுக் கிராமங்களில், கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்று ஒரு பீதி ஊர் ஊராகத் தாவிற்று. பிரபுக்கள் கூலி கொடுத்து ஏவினார்கள் என்றனர் ஒரு சாரார். புரட்சிக்காரர்கள் கிளப்பினார்கள் என்றனர் மறு சாரார். லெஃபெவ்ர் என்ற சரித்திராசிரியர் ஆவணங்களைக் கிளறி 1932-இல் புத்தகம் போட்டார்: ஏவியவன் எவனுமில்லை, பசியும் பழைய பயமும் ஏற்கெனவே அங்கே இருந்தன. அமெரிக்காவில் 2017 அக்டோபரில் 'க்யூ' என்ற ஒற்றை எழுத்தில் ஒளிந்துகொண்டு ஒருவன் சதிக் கதைகள் எழுத ஆரம்பித்தான். அவன் யார் என்று இன்றுவரை சண்டை. மொழிநடையை ஆராய்ந்து 2022-இல் இரண்டு பேரைச் சுட்டினார்கள், இருவரும் மறுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆசாமி 2020 டிசம்பரோடு எழுதுவதை அப்போதைக்கு நிறுத்தியிருந்தான். 2021 ஜனவரி 6-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டுக் கட்டடத்துக்குள் புகுந்த கூட்டத்தில் அவனுடைய பக்தர்கள் இருந்தார்கள். குரு மௌனமாகிவிட்டார், சிஷ்யர்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

நம் ஊரில் காய்ந்து கிடந்தது என்ன என்று பார்க்க யாருக்காவது துணிச்சல் உண்டா? அந்த 2023 பிப்ரவரியில்தான், ஓடுகிற ரயிலில் வடமாநிலத் தொழிலாளர்களை ஒருவன் அடிக்கிற படம் வந்தது. அது நாடகமல்ல, ரயில்வே போலீசார் அவனைக் கைது செய்தார்கள். 2022 மே மாதம், கோயம்புத்தூரில் பட்டமளிப்பு விழா மேடையில் நின்றுகொண்டு, இந்தி படித்தவர்கள் இங்கே பானிபூரி விற்கிறார்களே என்ற பொருளில் பேசினார் உயர்கல்வி அமைச்சராக இருந்த பொன்முடி. பானிபூரி விற்பவன் பாடுபட்டுப் பிழைப்பவன்; அதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம் வீடுகளில் 'வடக்கன்' என்ற சொல்லை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்று குழந்தைகளைக் கேளுங்கள். அப்படியே நடித்துக் காட்டும்.

இவ்வளவும் எந்த ஊரில் உட்கார்ந்து பேசுகிறோம்? பல தலைமுறைகளுக்கு முன் ஆந்திரத்திலிருந்து வந்த ராஜுக்கள் உண்டாக்கிய ஊர் இது. இன்றும் அவர்கள் வீடுகளில் தெலுங்கு கேட்கிறது. 1966-க்குப் பிறகு பம்பாயில் 'லுங்கிவாலா' என்று நம் ஆட்களை விரட்டினார்கள். 1991-இல் காவிரியின் பெயரால் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தன. அப்போது இந்த ஜில்லாவிலும் தபால்காரரை எதிர்பார்த்துத் தாய்மார் வாசலில் நின்றிருப்பார்கள். இரண்டு கையும் தெரிகிற படத்துக்கு அன்று வழியில்லை.

கடைசியாக ஒரு சங்கதி. பீகாரில் அந்த வதந்தி கிளம்புவதற்கு முன்பே, 2023 ஜனவரியில் நம்மிடையே ஒரு படம் சுற்றிற்று: திருப்பூரில் வடவர்கள் கூட்டமாகத் தமிழர்களைத் துரத்துகிறார்களாம். பனியன் கம்பெனிப் பக்கத்தில் சில்லறைத் தகராறில் மூண்ட கைகலப்பு அது. எனக்கு ஐந்து பேர் அதை அனுப்பியிருந்தார்கள். அவர்களில் மிகவும் யோக்கியரான ஒருவரிடம் போய், "உங்களுக்கு அனுப்பியது யார்?" என்று கேட்டேன். மைத்துனர் என்றார். மைத்துனர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனிதர். தமக்கு அனுப்பியவர் பால் ஊற்றுகிறவர் என்றார். பால் ஊற்றுகிறவர், தம் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரைக் காட்டினார். வாத்தியார் சற்று யோசித்து, "பழைய மாணவன் ஒருத்தன் அனுப்பினான் சார். நல்ல பையன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வியாபாரம் பார்க்கிறான்" என்றார். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.